பாட்டுக்கு முத்திரை குத்திய கிளாக்கர்

"பாட்டு பதிய வந்திருக்கோமுங்க."

ஆபீஸ் சன்னலுக்கு வெளியே ராக்கம்மா நின்றாள். அவளுக்குப் பின்னால் பதினொரு பெண்கள். தலையில் கம்பளி, இடுப்பில் நனையாமலிருக்கக் கட்டிய படங்குச் சாக்கு, முதுகில் வெறுங்கூடை. மழை அவர்கள் மேல் ஒருவரையும் விடாமல் பெய்துகொண்டிருந்தது. நான் உள்ளே, அப்பா தைத்துக் கொடுத்த புது நீளக்காற்சட்டையும் காலில் மினுங்கும் சப்பாத்துமாக, ஒரு பெரிய கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எத்தனை பாட்டு?" என்று கேட்டேன்.

"ஒம்பதுதாங்க. நடந்து வரயில ரெண்டு உண்டாயிருச்சு. பதினொண்ணுன்னு வச்சுக்கங்க."

"நீங்க ஒராள் வந்து சொன்னா போதாதா, ராக்கம்மாக்கா? இவங்க எல்லாம் எதுக்கு?"

"நான் ஒரு அடி எடுத்தா இவளுக அடுத்த அடி எடுக்கணும்ங்க. இவளுக எடுக்காட்டி எனக்கு மேல வராது. பாடிக் காட்டட்டுங்களா?"

காட்டத்தான் வேண்டும். அவர்களில் யாருக்கும் எழுதத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆகவே அந்தத் தேயிலைத் தோட்டத்தின் பாட்டுக்களை எல்லாம் கேட்டு, எழுதி, ஆராய்ந்து, ஆகும் ஆகாது என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு இருபத்திரண்டு வயதில் என் தலையில் விழுந்திருந்தது. பன்னிரண்டு பெண்களும் சன்னலைச் சுற்றி நெருக்கி நின்று தொண்டையைச் செருமினார்கள். ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் எழுந்து போய்ப் பக்கத்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இந்த உத்தியோகம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் ஹட்டனில் உள்ள ஒரு சலூனுக்குப் போய்வர வேண்டும்.

வெள்ளைக் கட்டம்

நாட்டில் அவசரகாலச் சட்டம் இருந்த நேரம் அது. பத்திரிகையை விரித்தால் நடுநடுவே கட்டம் கட்டமாக வெள்ளையாக இருக்கும். தணிக்கை செய்கிறவர்கள் வெட்டிய இடம் அது என்றார்கள்.

என் அப்பாவின் தையல் கடைக்குப் பக்கத்தில் ஒரு சலூன். காலையில் அங்கே பத்திரிகையை ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். வெள்ளைக் கட்டம் வந்ததும் வாசிப்பவர் நிறுத்துவார். அதன் பிறகுதான் சலூனே களைகட்டும். அந்தக் கட்டத்துக்குள் என்ன இருந்திருக்கும் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கொழும்பில் கடல் உள்ளே வந்துவிட்டது என்பார் ஒருவர். மந்திரி ஒருவர் மாறுவேடத்தில் மலைநாட்டுக்கு வந்திருக்கிறார் என்பார் இன்னொருவர். கருவாடு இனிக் கிடைக்கவே கிடைக்காது என்று சவரம் செய்கிறவர் சொன்னபோது, பாதி முகத்தில் நுரையோடு இரண்டு பேர் எழுந்து கடைத்தெருவுக்கு ஓடினார்கள். அச்சடித்த செய்தி எதற்காகவும் அவர்கள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

டிக்கோயாப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் எனக்குச் சின்னக் கிளாக்கர் வேலை கிடைத்தது இதற்குப் பின்னர்தான். தோட்டத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த வாரப் பத்திரிகையை வாசிக்கிறார்கள். பாருங்கள், தணிக்கையைப் பற்றி எழுத உட்கார்ந்து இரண்டு பக்கம் போவதற்குள் நானே ஒன்றை வெட்டிவிட்டேன்.

குடையும் தொந்தியும்

அந்தத் தோட்டத்தில் பெரிய கணக்கப்பிள்ளை என்றால் பொன்னையா. மலையில் நடக்கும் வேலை முழுவதும் அவர் பார்வையில்தான். நல்ல மனிதர் என்றுதான் சொல்வேன். மனைவி இறந்து போனபின் ஒரே மகள் சரசுவைத் தனியாக வளர்த்தார். ஆனால் அவருக்கு ஒரு தொந்தி இருந்தது. தொந்தி இருப்பதில் தவறில்லை. அது தமக்கு இருப்பது ஊருக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்ததுதான் தவறு.

கொழுந்து பறிக்கும் பெண்கள் பாடிக்கொண்டே பறிப்பார்கள். ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அன்றன்றைக்குக் கண்ணில் படுவதுதான் பாட்டு. இரத்தம் குடிக்கும் அட்டை, மழை, கங்காணியின் கோபம், லயத்து வரிசை வீடுகளில் நடக்கும் சண்டை, எதுவும் தப்பாது. நேற்றுப் பாடியதை இன்று பாடினால் கேவலம். பாட்டில் வந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்து போவார். அதுதான் வழக்கம், எல்லாக் கங்காணிகளும் அப்படித்தான் காலத்தை ஓட்டினார்கள்.

ஒரு நாள் நல்ல மழை. பத்தாம் நம்பர் மலையில் துரையும் கணக்கப்பிள்ளையும் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். மேலே பனிமூட்டத்துக்குள் இருந்து ராக்கம்மாவின் குரல் வந்தது.

*மழைக்குக் குடைபிடிச்சு - கணக்கப்புள்ள*
*மலையேறி வாராரு*
*குடைக்குள்ளே அவரிருக்க - தொந்தி*
*நனைஞ்சுகிட்டு வருது!*

துரை வெள்ளைக்காரர்தான். ஆனால் தமிழ் படித்துப் பரீட்சை பாஸ் பண்ணியவர். அவர் நின்றார். திரும்பினார். குடையைப் பார்த்தார். குடைக்கு வெளியே நின்றதைப் பார்த்தார். அது நனைந்துதான் இருந்தது. பிறகு மலையே அதிரச் சிரித்தார்.

அன்று மாலை கணக்கப்பிள்ளை ஆபீசுக்குள் வந்து என் மேசை மேல் பத்திரிகையை வீசினார். வெள்ளைக் கட்டம் மேலே தெரிய மடித்திருந்தது.

"தம்பி, இத பாரு. நாட்டுக்கே சென்சார் இருக்கு. தோட்டத்துக்கு வேணாமா?"

"ஐயா, அது பத்திரிகைக்கு..."

"பத்திரிக கொழும்புலேருந்து வந்து சேர ஒரு நாள் ஆகுது. இவளுக பாட்டு காலையில பாடுனா மத்தியானம் நோட்டன் பிரிட்ஜ் வரைக்கும் போயிருது. எது ஆபத்து, நீயே சொல்லு."

நான் பத்திரிகையை ஓரமாக வைத்துவிட்டு ஒரு புதுக் கொப்பியை எடுத்தேன்.

வெளிப் பூச்சுக்கு மட்டும்

மறுநாள் காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆட்களைப் பிரிக்கும் இடத்தில், கட்டளை வாசிக்கப்பட்டது. இனி எந்தப் பாட்டும் ஆபீசில் பதிந்து அனுமதி வாங்கிய பிறகே மலையில் பாடலாம். பாட்டில் ஆள் பெயர் வரக்கூடாது. உடம்பின் உறுப்பு வரக்கூடாது. மிருகம் வரக்கூடாது. மீறினால் துரையிடம் சொல்லிப் பத்துச்சீட்டு.

பத்துச்சீட்டு என்றால் வேலையிலிருந்து நிறுத்திக் கொடுக்கும் சீட்டு. அதை வாங்கியவருக்கு வேலையோடு குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும். வேறு தோட்டத்திலும் லேசில் சேர்க்க மாட்டார்கள். ராக்கம்மாவுக்குப் புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள். இந்தக் கதையில் நீங்கள் எவ்வளவு சிரித்தாலும் அந்தச் சீட்டு மேசை இழுப்பறையில் கிடந்தது என்பதை மறக்க வேண்டாம். நான் சில நாள் மறந்தேன், அது என் வெட்கம்.

கொப்பியின் முதல் பக்கத்தில் குடைப் பாட்டையே எழுதச் சொன்னார் கணக்கப்பிள்ளை.

"இது தடை செஞ்ச பாட்டு ஐயா, இத ஏன் எழுதணும்?"

"எது தடைன்னு தெரியணும்ல? மாதிரிக்கு எழுது. அழகா எழுது."

அழகாக எழுதினேன். அதை மறக்காமலிருக்க அவரே வாரம் ஒரு முறை வந்து வாசித்துவிட்டுப் போனார்.

அடுத்து முத்திரைப் பிரச்சினை. அனுமதி கொடுத்தால் முத்திரை குத்த வேண்டும் என்றார். ஆபீஸ் முத்திரையைப் பெரிய கிளாக்கர் தொடவிடவில்லை. தேடியதில் டிஸ்பென்சரியில் ஒரு பழைய ரப்பர் முத்திரை கிடைத்தது. மருந்துப் போத்தல் சீட்டில் குத்துவது. இப்படியாக அந்தத் தோட்டத்தில் தணிக்கையில் தேறிய ஒவ்வொரு பாட்டின் கீழும் ஊதா மையில் 'வெளிப் பூச்சுக்கு மட்டும்' என்று விழுந்தது.

சுதந்திரம், ஒன்றைத் தவிர

தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் முத்துவேல் சும்மா இருப்பாரா? சிவப்புச் சால்வையோடு ஆபீசுக்கு வந்துவிட்டார். கணக்கப்பிள்ளையும் அங்கே இருந்தார். நான் நடுவில்.

"இது சுதந்திர நாடு. வாய் அவளுகளோடது. வேலைக்குத்தான் கை குடுத்திருக்காளுக, வாயக் குடுக்கல" என்றார் தலைவர்.

"வாய்க்கு ஒரு அளவு வேணாமா? பொய்யப் பாடலாமா?"

"எது பொய்? தொந்தி பொய்யா?"

கணக்கப்பிள்ளை கீழே குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டுக் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"நெசமாவே இருக்கட்டும். தொரை முன்னாடி சொல்லலாமா?"

"தொரைக்குக் கண்ணு இல்லியா? பாட்டு வந்துதான் அவரு தெரிஞ்சுக்கணுமா?"

"அவரு பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. பாட்டு வந்த பொறகுதானய்யா சிரிச்சாரு!"

இந்த விவாதம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. பின்னாளில் நான் பெரிய பெரிய மேடைகளில் இதே விஷயத்தைப் படித்தவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். இதைவிடக் கூடுதலாக யாரும் எதுவும் சொல்லிவிடவில்லை.

தலைவர் மேசையைத் தட்டிவிட்டுப் போனார். கணக்கப்பிள்ளையும் போனார். பத்து நிமிஷம் கழித்து ஆபீசின் பின்கதவு மெல்லத் திறந்தது. சிவப்புச் சால்வை.

"தம்பி, ஒரு சின்ன விஷயம். தொடப்பக்கட்டைன்னு ஒரு பாட்டு வரும். எங்க வீட்டு விஷயம்னு சிலர் தப்பா நெனைக்கிறாங்க. அது வந்தா மட்டும் வெட்டிடு."

"சுதந்திரம்னு சொன்னீங்களே?"

"மத்ததெல்லாம் சுதந்திரம்தான் தம்பி. இது சங்கத்தோட ஒற்றுமையப் பாதிக்கும்."

அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் வந்தார்கள். எந்த நோய்க்கும் ஒரே சிவப்பு மருந்தைக் கொடுக்கும் டிஸ்பென்சர் வந்தார். செபம் சொல்லிக் கொடுக்கையிலேயே குறட்டை விட்டுவிடும் உபதேசியார் வந்தார். கோவில் பொங்கலை முதலில் வீட்டுக்கு அனுப்பிவிடும் பூசாரி வந்தார். ஒவ்வொருவரும் பாட்டுச் சுதந்திரத்துக்கு ஆதரவு. தன்னைப் பற்றிய அந்த ஒரு பாட்டைத் தவிர. அவர்கள் போன பின் நான் தனியாக இருந்து சிரித்தேன். எவ்வளவு பயந்த மனிதர்கள் என்று நினைத்தேன். ஒருவருக்காகவும் ஒரு வரியையும் வெட்டவில்லை. பெயரை மட்டும் எடுத்துவிட்டு முத்திரையைக் குத்தினேன். என் நேர்மையைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

ஒரே ஒரு வெட்டு

இப்போது மழையில் நிற்கும் ராக்கம்மாவிடம் திரும்பிப் போகலாம். பத்துப் பாட்டு முடிந்திருந்தது. பத்துக்கும் முத்திரை விழுந்திருந்தது.

"பதினொண்ணாவது?" என்றேன்.

ராக்கம்மா என் முகத்தைப் பார்க்காமல் கூரைக்கு மேல் பார்த்துக்கொண்டு பாடினாள்.

*சப்பாத்து மினுமினுங்க - சின்னக்*
*கிளாக்கரு வந்தாரு*
*அட்டையொண்ணு முத்தமிட - அவரு*
*ஆகாசம் போனாரு!*
*கால்சட்டை ஒருபக்கம் - அவரு*
*கண்ணீரு மறுபக்கம்*
*கைதட்டிச் சிரிச்சுதம்மா - எங்க*
*கொழுந்து மலைப்பக்கம்!*

நான் வேலைக்கு வந்த முதல் வாரம் நடந்தது அது. கொழுந்து பார்க்க மலைக்குப் போன என் காற்சட்டைக்குள் அட்டை ஏறிவிட்டது. எங்கே வரை ஏறியது என்று எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். நான் அலறிக்கொண்டு காற்சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். எதிரே நாற்பது பெண்கள் நிரை பிடித்து நின்றதைப் பனியில் கவனிக்கவில்லை.

எழுதிவிட்டேன். எழுதிய கையோடு பேனாவை மையில் தோய்த்து, வரிக்கு வரி, எழுத்துக்கு எழுத்து அடித்தேன். கடதாசி கிழிகிற மாதிரி அடித்தேன்.

"ஏங்க?" என்றாள் ராக்கம்மா.

"மிருகம் வருது. மிருகம் கூடாதுன்னு சட்டம்."

"அட்டை மிருகமுங்களா?"

"அது... உயிர்தானே?"

"முன்னாடி பாட்டுல கொளவி வந்துச்சு. சீல் குத்துனீங்களே."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "வெட்டினா வெட்டினதுதான்!" என்று கத்தினேன். கணக்கப்பிள்ளையின் குரல் அப்படியே என் வாயிலிருந்து வந்தது.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு ராக்கம்மா கூடையைச் சரி செய்துகொண்டு நடந்தாள். அந்தப் பாட்டை அவள் மலையில் பாடவில்லை. பத்துச்சீட்டின் பயம் அவளுக்கு இருந்தது. எனக்கு அன்று அது நிம்மதியாக இருந்தது. இன்று எழுதும்போது கை கூசுகிறது.

வெற்றிலை போடும் கல்

பதிவுத் திட்டம் மூன்று வாரத்தில் செத்தது. பதிந்த பாட்டை ஒரு முறை பாடினால் பழசாகிவிடும். பிறகு புதுசு வேண்டும். புதுசைப் பதிய நிரையில் நிற்கும் அத்தனை பேரும் ஆபீசுக்கு வர வேண்டும். மலையில் கொழுந்து முற்றிக்கொண்டிருக்க, ஆபீஸ் வாசலில் கூத்துமேடை போலக் கூட்டம். துரை ஜீப்பில் வந்து பார்த்துவிட்டு, கொழுந்து எங்கே என்று மட்டும் கேட்டார்.

போதாததற்கு ஆளும் உறுப்பும் மிருகமும் இல்லாத பாட்டு ஒன்றை ராக்கம்மா முறைப்படி பதிந்திருந்தாள்.

*ரோட்டோரம் ஒரு கல்லு - அது*
*ரொம்பப் பெரிய கல்லு*
*வெத்தல போட்டுக்கிட்டு - அது*
*வேல வாங்குங் கல்லு!*

கணக்கப்பிள்ளை வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, பதியிறது எல்லாம் வேணாம். ஒரே கட்டளையா எழுது. ஒரு ஓட்டை இருக்கக் கூடாது. இவளுக நுழையாத மாதிரி எழுது."

நான் படித்தவன் அல்லவா? இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். 'பெரிய கணக்கப்பிள்ளை அவர்களையோ, அவரது வீட்டாரையோ, அவர்களுக்கு உறவு ஆனவர்களையோ, ஆகப்போகிறவர்களையோ பற்றி, நேராகவோ மறைவாகவோ, எந்தப் பாட்டிலும், எந்த இடத்திலும், எந்தக் காலத்திலும் பாடுதல் கூடாது. மீறினால் பத்துச்சீட்டு.' பெரட்டில் இதை நானே வாசித்தேன். கணக்கப்பிள்ளை என் தோளில் தட்டினார். ராக்கம்மா கவனமாகக் கேட்டுவிட்டு, "இன்னொருக்கா வாசிங்க ஐயா" என்றாள். வாசித்தேன். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. மனப்பாடம் செய்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பின் கணக்கப்பிள்ளையைப் பற்றி மலையில் ஒரு சொல் இல்லை. கங்காணிமார் எல்லோரும் பாட்டில் வந்தார்கள். துரையின் நாய்கூட வந்தது. அவர் மட்டும் இல்லை. முதல் வாரம் நிம்மதியாக நடந்தார். இரண்டாம் வாரம் பெண்களுக்குப் பக்கத்தில் நின்று இருமினார். மூன்றாம் வாரம் என்னிடம் வந்து, "கொப்பிய எடு, அந்தக் குடைப் பாட்டு சரியாத்தான் எழுதியிருக்கியான்னு பாக்கணும்" என்றார்.

ஊமைப் பந்தல்

சரசுவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை நோட்டன் பிரிட்ஜ் பக்கம். காலையில் தாலி கட்டியாயிற்று. சாப்பாடு முடிந்து, பகல் இரண்டு மணிக்கு நலங்கு. மாப்பிள்ளையும் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து தேங்காய் உருட்டுவார்கள். சுற்றி இரு வீட்டுப் பெண்களும் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கிண்டல் பண்ணிப் பாடுவார்கள். நலங்கில் பெண் வீடு கிண்டல் வாங்காவிட்டால், கிண்டல் கொடுக்காவிட்டால், அது கல்யாணமே அல்ல.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தொடங்கினார்கள். பெண்ணின் மூக்கு, பந்தலின் ஓட்டை, சாம்பாரின் உப்பு என்று வரிசையாக வைத்து வாங்கினார்கள். பிறகு நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள்.

இந்தப் பக்கம் ராக்கம்மாவும் அவள் கூட்டமும்தான். சரசுவுக்குத் தாய் இல்லை, அத்தை சித்தி இல்லை. தேயிலைச் செடிக்கு நடுவே இவர்கள் கம்பளியில் தூங்கி வளர்ந்தவள் அவள். பெண் வீட்டுக் குரல் என்றால் இவர்கள் குரல்தான். பன்னிரண்டு பேரும் நல்ல சேலை உடுத்தி, தலை நிறையப் பூவோடு, கையைக் கட்டி, வாயை மூடி உட்கார்ந்திருந்தார்கள்.

*நோட்டன் பிரிட்ஜிலேருந்து - நாங்க*
*நூறு பேரு வந்தோம்*
*பொண்ணு வீட்டுப் பந்தலிலே - ஒரு*
*பூனைச் சத்தம் இல்லே!*

இதற்கும் பதில் இல்லை. தேங்காய் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. மாப்பிள்ளையின் அத்தை, கழுத்து நிறைய நகை போட்ட ஒரு பெரிய மனுஷி, உரக்கச் சொன்னாள்.

"என்னா இது? பொண்ணப் பத்திப் பாட ஒரு வாய் இல்லியா? பாடக் கூச்சப்படற அளவுக்குப் பொண்ணு மேல என்னமோ கொறை இருக்குபோல!"

சரசு தலையைக் குனிந்தாள். தேங்காய் அவள் கையிலிருந்து நழுவி உருண்டு போனது. யாரும் எடுக்கவில்லை.

கணக்கப்பிள்ளை ஓடி வந்தார்.

"ராக்கம்மா, பாடு! என்னா பாத்துக்கிட்டு இருக்கே?"

ராக்கம்மா எழுந்து நின்று மரியாதையாகச் சொன்னாள். "ஐயாவப் பத்தி, ஐயா வீட்டாரப் பத்தி, எந்த எடத்துலயும் எந்தக் காலத்துலயும் பாடக் கூடாதுன்னு கட்டளைங்க."

"அப்ப மாப்பிள்ளை வீட்டப் பத்திப் பாடு!"

"அவுகளும் உங்களுக்கு உறவு ஆனவுகதானுங்களே. காலையில தாலி ஏறிருச்சே. அதுவும் கட்டளையில இருக்குங்க. சின்னக் கிளாக்கரய்யா ரெண்டு தடவ வாசிச்சாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு ஓட்டைகூட இல்லாமல் எழுதியிருந்தேன்.

"நான் சொல்றேன், பாடு!"

"நாளைக்குக் கோவம் வந்தா பத்துச்சீட்டு குடுத்துருவீங்க. மூணு புள்ளைகளோட நான் எங்கிட்டுப் போறது?" அவள் குரல் அப்போது விளையாட்டாக இல்லை. "எங்க சரசுக்குப் பாட எனக்கு ஆசை இல்லைன்னா நெனைக்கிறீங்க? பெரட்டுல எல்லாரும் கேக்கச் சொன்னீங்க. அந்தக் கட்டளைய எல்லாரும் கேக்க எடுத்துருங்க. எழுதியும் குடுங்க."

நான் ஆபீசுக்கு ஓடினேன். சப்பாத்துக் கால் வழுக்க, கொப்பியையும் முத்திரையையும் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி மூச்சிரைக்க வந்து சேர்ந்தேன். கணக்கப்பிள்ளை பந்தலின் நடுவில் நின்றார். மாப்பிள்ளை வீட்டு நூறு பேர், தோட்டம் முழுவதும். ஒரு முறை மகளைப் பார்த்தார். பிறகு பெரட்டில் கூப்பிடும் அதே குரலில் கூவினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! என்னையப் பாடலாம்! என் வீட்டாரப் பாடலாம்! எந்த எடத்துலயும் பாடலாம், எந்தக் காலத்துலயும் பாடலாம்! பத்துச்சீட்டு கெடயாது!" கொஞ்சம் நிறுத்தி, "தொந்தியயும் பாடலாம்!" என்றார்.

எழுதினேன். முத்திரை குத்தினேன். வெளிப் பூச்சுக்கு மட்டும். ராக்கம்மா கொப்பியை வாங்கி, வாசிக்கத் தெரியாவிட்டாலும் மையைத் தொட்டுப் பார்த்தாள். "பாடப் பாடப் பதிஞ்சுக்கங்க ஐயா" என்று என்னிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்து, கையைத் தட்டி ஆரம்பித்தாள்.

*சம்பந்தி மாரே கேளுங்க - எங்க*
*சரசு அப்பன் தொந்தி*
*பந்தலுக்குக் கால்பத்தல - அத*
*முட்டுக் குடுத்து வச்சோம்!*

பந்தல் வெடித்தது. நகை போட்ட அத்தை சிரித்த சிரிப்பில் வெற்றிலைத் தட்டு கவிழ்ந்தது. சரசு நிமிர்ந்தாள். மூன்று மாதம் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அந்தப் பன்னிரண்டு பேரும் கொட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு கட்டத்தில் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கணக்கப்பிள்ளை ஒரு ஓரமாகத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ராக்கம்மா அவரைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள்.

*ஒத்த மகளக் கட்டிக்குடுத்து - அவரு*
*ஓரமா நின்னு அழுதாரு*
*கண்ணுத்தண்ணி எறங்கி வந்து - தொந்தி*
*மேலயே தேங்கிப் போச்சு!*

அவர் அழுதுகொண்டேதான் சிரித்தார். "இன்னொருக்கா பாடு" என்றார்.

அதையும் எழுதிக்கொண்டேன். தலையை நிமிர்த்தியபோது ராக்கம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு விளங்கிவிட்டது. சப்பாத்து மினுமினுங்க என்று அவள் எடுக்க, பதினொரு பேரும் வாங்கினார்கள். இரண்டாம் முறை மாப்பிள்ளை வீட்டு நூறு பேரும் சேர்ந்துகொண்டார்கள். நான் எழுதவில்லை. கொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

கொப்பி

போன வருஷம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். நரைத்த தலையோடு ஒரு அம்மா ரோட்டைக் கடந்து ஓடி வருகிறாள். "அட்டைக் கிளாக்கரய்யா!" என்று கத்துகிறாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கிறார்கள். சரசு.

அவளுடைய அப்பா போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. ராக்கம்மா குடும்பம் கப்பலேறி இந்தியாவுக்குப் போனது, பிறகு ஒரு தகவலும் இல்லை. பேசிக்கொண்டே வந்தவள் திடீரென்று கேட்டாள்.

"ஐயா, அந்தக் கொப்பி இன்னும் இருக்குங்களா?"

"இருக்கு. ஏன்?"

"அப்பாவோட போட்டோ ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல. அவரு எடுக்கவே விட்டதில்ல, தொந்தி தெரியும்னு. பேரப்புள்ளைக எங்க தாத்தா எப்படி இருப்பாருன்னு கேக்குதுக."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொப்பியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். முதல் பக்கத்தில் குடைப் பாட்டு. மாதிரிக்கு என்று அவரே அழகாக எழுதச் சொன்னது. அப்புறம் கல். கடைசியில் பந்தலும், தேங்கிய கண்ணீரும். சரசு ஒவ்வொன்றையும் பாடிக் காட்டினாள். பிள்ளைகள் எழுந்து, வயிற்றைத் தள்ளிக்கொண்டு குடை பிடித்து நடந்தார்கள். அவர்கள் பார்த்திராத மனிதர் அந்த வீட்டுக்குள் நன்றாகவே நடந்தார்.

"அப்பா அப்படியே இருக்காரு" என்று சொல்லி அவள் கண்ணைத் துடைத்தாள்.

பிறகு பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். நீல மை கட்டியாகக் காய்ந்து, கடதாசி கிழிந்திருந்த பக்கம்.

"தாத்தா, இங்க மட்டும் என்னா மை கொட்டியிருக்கு? இதுல யாரு இருந்தா?" என்று கடைக்குட்டி கேட்டது.

என் மனைவியிடமோ பிள்ளைகளிடமோ நான் அந்தக் கதையைச் சொன்னதில்லை. சரசு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தொண்டையைச் செருமினேன். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு எழுந்து நின்றேன். கையைத் தட்டிக்கொண்டு, முழுப் பாட்டையும், ஒரு வரிகூட விடாமல், நானே பாடினேன்.